சவரி எழுவதற்கு முன்னால்

வியாகுலம் குடியை விட்டது மாதாவுக்கு நேர்ந்துகொண்டு அல்ல. பெண்டாட்டி ரோசம்மா அழுத அழுகைக்காகவும் அல்ல. அவளுடைய அண்ணன் சவரியைப் பழிவாங்க வேண்டும் என்று விட்டான். அந்தோணியார்பட்டியில் இந்தச் சங்கதி ரோசம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். பங்குச் சாமியார் தபசுகாலத்துப் பிரசங்கத்தில், "நம்ம வியாகுலத்தைப் பாருங்க, மனந்திரும்புறதுன்னா அதுதான்" என்று சொன்னபோது கோவிலே திரும்பி அவனைப் பார்த்தது. ரோசம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அவன் முன்வரிசையில் போய் முழங்கால் போடுவது எதற்கென்று அவளுக்குத் தெரியும். பின்னால் நிற்கிற சவரி பூசை முடிகிற வரைக்கும் அவனுடைய வெளுத்த சட்டையைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அதற்குத்தான்.

நடந்தது இப்படி. எண்பத்து மூணாம் வருசம் கோடையில் சவரியின் மகளுக்குக் கோவிலில் முதல் நற்கருணையான புதுநன்மை கொடுத்தார்கள். சவரி ஊரில் கிணறும் பம்புசெட்டும் கரும்பு ஆலையும் வைத்திருந்த ஆள். கிடா வெட்டி, பந்தல் போட்டு, பங்குச் சனம் எல்லாருக்கும் சாப்பாடு வைத்தான். வியாகுலம் அப்போது அவனுடைய ஆலையில்தான் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தான். பாகு பதம் பார்ப்பதில் கைகாரன். ஆனால் குடித்தால் கொப்பரையை மறந்துவிடுவான். பாகு தீய்ந்து, வெல்லம் தார்க்கட்டியாட்டம் கறுத்துப்போகும். தங்கச்சி புருசன் என்பதால் சவரி பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தான்.

அன்றைக்குக் காலையிலேயே சாராயக்கடைக்குப் போய்விட்டு வந்த வியாகுலம் முதல் பந்தியின் நடுவில் தடுக்கி விழுந்தான். இலை இலையாகச் சோறும் குழம்பும் சிதறியது. புதுநன்மை வாங்கிய பெண்ணின் வெள்ளை உடுப்பில் குழம்பு தெறித்தது. அந்தப் பெண் வீறிட்டு அழுதது. சவரி வந்து அவன் பிடரியைப் பிடித்துத் தூக்கி, தள்ளிக்கொண்டே போய் மாட்டுக் கொட்டாயில் சாணிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"மாட்டுக்குக்கூட வேளை தெரியும். இந்தாளுக்குத் தெரியாது. எலையை இங்கியே போடுங்க" என்றான்.

போடுவதற்கு யாரும் வரவில்லை. சவரி சுற்றும் பார்த்தான். தங்கச்சி நிற்பதைப் பார்த்தான்.

"நீ போடு ரோசா. உன் புருசனுக்கு நீயே போடு."

ரோசம்மா இலை கொண்டு வந்து சாணி மெழுகிய தரையில் போட்டாள். சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். கொட்டாயின் வாசலில் பங்கே கூடி நின்று பார்த்தது. வியாகுலம் தலையைக் குனிந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றான். தின்றுவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கினான்.

மறுநாள் காலையில் நடந்ததை அவனுக்குச் சொன்னது ரோசம்மாதான். மறைக்காமல், ஒன்றும் குறைக்காமல் சொன்னாள். அவன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டான். கேட்டு முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அவன் எத்தினி மணிக்கு எந்திரிப்பான்?"

"யாரு?"

"உங்கண்ணன்."

"கோழி கூவறப்ப எந்திரிக்கும். எதுக்கு?"

"நாளையிலிருந்து அவனுக்கு முன்ன நான் எந்திரிக்கணும்" என்றான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. இருட்டோடு எழுந்து வாசலில் நின்று சவரி வீட்டுப் பக்கம் பார்ப்பான். அங்கே விளக்கு எரியவில்லை என்றால் அவன் முகத்தில் ஒரு தெளிவு வரும். எரிந்துகொண்டிருந்தால் அன்று முழுக்க யாரோடும் பேசமாட்டான், மறுநாள் இன்னும் முன்னதாக எழுந்துவிடுவான். முதல் சில வாரம் கை நடுங்கியது. சோறு இறங்கவில்லை. வேர்த்து வேர்த்துக் கொட்டியது. ரோசம்மா கேழ்வரகுக் கூழைக் கரைத்து வெங்காயத்தோடு கொடுத்தால், குடிக்க முடியாமல் சொம்பைப் பிடித்துக்கொண்டு, "சவரி, சவரி" என்று முணுமுணுப்பான். வேறு வீட்டில் சேசுவே என்று சொல்லியிருப்பார்கள்.

பாப்பிரெட்டிப்பட்டியில் வெல்லமண்டி வைத்திருந்த முனாப் பாயிடம் போய் நின்றான். பாயின் மண்டிக்குப் பின்னால் ஒரு பழைய ஆலை துருப்பிடித்துக் கிடந்தது. அதையும் ஒரு டீசல் இஞ்சினையும் கொடுத்தால் வாணியாற்று ஓரத்தில் போட்டு ஓட்டுகிறேன், காய்ச்சுகிற வெல்லம் முழுக்க உங்கள் மண்டிக்கே வரும் என்றான். கூடப் போயிருந்த ரோசம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். கதை தெரியாதவரா பாய். பங்குக்காரர்கள் பாதிப்பேர் அவர் மண்டிக்குத்தான் போவார்கள்.

பாய் வியாகுலத்தின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ரோசம்மாவிடம் சொன்னார்.

"குடிக்கிறவனை நான் நம்ப மாட்டேம்மா. திருந்திட்டேன்னு வந்து சொல்றவனையும் நம்ப மாட்டேன். இவரு ஒண்ணும் சொல்லல. கோவமா இருக்காரு. கோவத்துல இருக்கிறவன் வேலை செய்வான். எடுத்துனு போகச் சொல்லு."

ஆலை வந்தது. வேலை என்றால் அப்படி ஒரு வேலையை அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. கொதிக்கிற சாற்றின் மேல் திரளுகிற அழுக்கைச் சல்லடைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற ஆலைகளில் பீடி பற்றவைக்கிற நேரத்துக்கு விட்டுவிடுவார்கள். வியாகுலம் பீடியையும் விட்டுவிட்டான். கரண்டியைக் கீழே வைக்கமாட்டான். அடுப்பில் கரும்புச் சக்கை தள்ளுகிறவள் ரோசம்மா. அனலில் அவள் முகம் கன்றிப்போகும். "போதும், கொஞ்சம் ஒக்காருங்க" என்றால், "சவரி ஒக்காந்திருப்பான்ல, அவன் ஒக்காரட்டும்" என்பான். வேலை முடிந்ததும் கொப்பரையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கரண்டியைக் கழுவித் தொங்கவிட்டு, அச்சுகளைக் கவிழ்த்து அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சே அவன் வாயில் வராது. ஒவ்வொரு வேலையையும் சவரி மேல் ஒரு கல் எறிகிற மாதிரிச் செய்தான்.

வெல்லம் மஞ்சளாக, பொன் மாதிரி வந்தது. அடுத்த பட்டத்துக்கே கரும்புக்காரர்கள் வண்டியை இந்தப் பக்கம் திருப்பினார்கள். சவரியின் ஆலை அரை நாள் ஓடியது, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடியது.

வீட்டில் அடி இல்லை. ஏச்சு இல்லை. அரிசிப் பானை காலியாகவில்லை. மகள் லூர்துமேரி பள்ளிக்கூடத்துக்குப் புதுச் சட்டை போட்டுப் போனாள். ஆனால் அவன் சிரித்து யாரும் பார்க்கவில்லை. சோறு தின்னும்போதும் தாடை இறுகியே இருக்கும். லூர்துமேரி ஒருநாள் அம்மாவின் காதருகில், "அப்பா குடிக்கிறப்பவாச்சும் அப்பப்ப பாடும்" என்றது. ரோசம்மா அதன் தொடையில் கிள்ளினாள். தன் மனசிலும் அதே சங்கதி ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

மறு வருசம் மழை பொய்த்தது. சித்தேரி மலை பழுப்பாகி, கல்லும் முள்ளுமாகத் தெரிந்தது. சவரியின் கிணறு வற்றியது. பம்புசெட்டு காற்றை இழுத்தது. நின்ற கரும்பு தோகை காய்ந்து சரசரத்தது. இனி இந்த வருசம் சவரி ஆலை அடுப்பு எரியாது என்று ஊரில் பேச்சு வந்தது.

அந்தச் செய்தி கேட்ட சாயங்காலம் வியாகுலம் வேலையைப் பாதியில் ஆள்களிடம் விட்டுவிட்டுப் போனான். திரும்பி வரும்போது மகளுக்கு வேர்க்கடலை வாங்கி வந்தான். பாடிக்கொண்டே வந்தான். வாசலில் நின்ற ரோசம்மாவைத் தாண்டி அவன் போனபோது அந்த வாடை அடித்தது.

அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். காலையில் அவன் எழவில்லை. சூரியன் கூரைக்கு மேல் வந்த பிறகும் கட்டிலிலேயே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஆலையில் அன்று பாகு தீய்ந்தது.

"எந்திரிங்க" என்றாள்.

"எதுக்கு எந்திரிக்கணும்" என்றான் அவன். முறைப்பாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்கிற மாதிரிக் கேட்டான். "முடிஞ்சுது. அவன் அடுப்பு அணைஞ்சுபோச்சு."

அப்போதுதான் ரோசம்மாவுக்கு உறைத்தது. இந்த ஆளைத் தூக்கி நிறுத்தியிருப்பது ஒரு கோல். அதை உருவிவிட்டால் விழுந்துவிடுவார். சாயங்காலமானால் மறுபடியும் கடைக்குப் போவார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலோரம் வந்து நின்றாள்.

"தயிர்க்கார ராமக்கா வந்தா காத்தால" என்றாள். "எங்கண்ணன் ஆலையடியில பத்துப் பேரு முன்னாடி சொல்லிச்சாம். கெணறு வத்தினா மழைக்கு ஊறிடும், வியாகுலம் சாராயத்துல ஊறினா வத்தமாட்டான்னு."

ராமக்கா அன்று வரவே இல்லை. சவரி அப்படிச் சொல்லவும் இல்லை.

வியாகுலம் மெல்லத் திரும்பினான். "யாரு சிரிச்சாங்க?"

"எல்லாருந்தான் சிரிச்சாங்களாம்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். வேட்டியை இறுக்கிக் கட்டினான். முகம்கூடக் கழுவாமல் ஆலைக்குப் போனான்.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், "ஏதாச்சும் சொன்னானா?" என்பான். முன்பு சாராயம் கேட்ட அதே வறட்சி அந்தக் குரலில் இருக்கும். அவள் ஏதாவது சொல்லவேண்டும். மாவாட்டும்போதும் சக்கை தள்ளும்போதும் அவள் யோசித்து வைத்துக்கொள்வாள். வியாகுலத்துக்குப் பெண்டாட்டி சம்பாதிச்சுப் போட்டாத்தான் சோறு என்று சொன்னாராம். மகளைப் பெத்ததைத் தவிர அவன் கையால ஒண்ணும் உருப்படல என்று சொன்னாராம். பெண்டாட்டி தாலியை வித்துக் குடிச்சவன் இன்னிக்கு முன்வரிசையில முழங்கால் போடறான் என்று சொன்னாராம்.

சொல்லச் சொல்ல அவளுக்கு ஒன்று புரிந்தது. இதில் ஒன்றுகூட அண்ணன் வாயில் வருகிற பேச்சு இல்லை. எல்லாம் அவள் கல்யாணமான நாளிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்தது. அடி விழும் என்று விழுங்கியது. இப்போது அண்ணன் பெயரைப் போட்டுப் புருசன் முகத்துக்கு நேரே சொல்ல முடிந்தது. அவன் முகம் ஒவ்வொரு சொல்லுக்கும் வெளிறுவதை அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள். சில நாள் அவன் கேட்காமலேயே சொன்னாள்.

அண்ணன் வீட்டுக்குப் போவதை அவள் நிறுத்திவிட்டாள். சவரி வழியில் கண்டு, "நல்லாருக்கியா ரோசா" என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள்.

எண்பத்தாறில் மழைக்குக் குறைவில்லை. அந்த ஐப்பசியில் லூர்துமேரி வயசுக்கு வந்தாள். தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டி, சீர்வரிசை வைத்து, தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊரே சவரி வருவானா என்று பார்த்தது. தயிர் கொண்டுவந்த ராமக்கா இந்த முறை மெய்யாகவே சேதி சொன்னாள். "உங்கண்ணன் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போயிப் பச்சைப் பட்டுல பாவாடை தாவணி எடுத்தாந்திருக்காரும்மா. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வர்றாராம். பழசெல்லாம் போகட்டும்னு சொன்னாரு."

அதை வியாகுலமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஞாயிறு காலையில், மாமன் வர நேரமாகும் என்று அவன் தனியாகவே குடிசையைக் கட்டி வைத்துவிட்டு, துவைத்த வேட்டி கட்டி வாசலுக்கு வந்தான். முனாப் பாய் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்.

"வரட்டும்" என்று வியாகுலம் பெண்டாட்டியிடம் சொன்னான். "ஊரு முன்னால வந்து குனிஞ்சான்னா நானும் வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன். அதோட தீந்துது."

சொல்லிவிட்டு வாய்க்குள் ஏதோ பாட்டை முனகினான். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி நின்றான். தாடை தளர்ந்திருந்தது. ரோசம்மாவுக்கு வேர்க்கடலை வாங்கி வந்த சாயங்காலம் கண்ணில் வந்தது. மாட்டுக்குப் புல் இல்லை என்று கூடையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினாள்.

சவரியின் வண்டி ஏரிக்கரையில் வந்துகொண்டிருந்தது. சவரி ஓட்டிக்கொண்டு வந்தான். அவன் பெண்டாட்டி மிக்கேலம்மாள் தட்டுகளை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெற்றிலை, தேங்காய், பூ, அதன் நடுவில் பச்சைப் பாவாடை மடிப்புக் கலையாமல் இருந்தது. ரோசம்மா குறுக்கே போய் நின்றாள்.

"ண்ணா, கொஞ்சம் எறங்கி வா."

சவரி இறங்கி வந்தான். தங்கச்சி தன்னை அண்ணா என்று கூப்பிட்டு வெகுநாளாயிற்று. அவன் கண் கலங்கியிருந்தது. இரண்டு பேரும் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள்.

"நீயே எதுக்க வருவேன்னு நெனைக்கல ரோசா. நான் மச்சான்கிட்ட கையெடுத்துக் கும்புட்டுடறேன். அன்னைக்குச் செஞ்சது தப்பு. இனிமே என் கரும்பையும் அவரு ஆலையிலயே ஆட்டிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். என் ஆலையைப் பிரிச்சுப் போட்டுடறேன். அவரு ஜெயிச்சுட்டாரு. நான் ஒத்துக்கறேன்."

"அதைத்தான் சொல்லாதன்னு கேக்க வந்தேன்."

"எதை?"

"நீ கும்புட்டா அந்தாளு உன்னை மன்னிச்சிருவாரு. மன்னிச்சிட்டு நேரா சாராயக்கடைக்குப் போவாரு."

சவரி விழித்தான். "மன்னிச்சா மனுசன் குடிப்பானா? எந்த ஊரு ஞாயம் இது?"

"எங்க வூட்டு ஞாயம். உங்கெணறு வத்தின அன்னைக்குக் குடிச்சுட்டு வந்தாரு. நீ திட்டினேன்னு பொய் சொல்லித்தான் எழுப்பினேன். அன்னையிலிருந்து தெனமும் உன் பேரைச் சொல்லித்தான் எழுப்பறேன். நீ நெனைக்காததெல்லாம் நீ சொன்னதாச் சொல்லிருக்கேன்."

"ஐயோ. என்னை என்னான்னு நெனச்சுட்டிருப்பாரு."

"நெனைக்கட்டும். அதுதான் சோறு போடுது."

சவரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "அப்ப நான் காலம் முச்சூடும் அவருக்கு எதிரியாவே இருக்கணுமா?"

"இருக்கணும்."

"நீயும் நானும் பேசிக்கவே கூடாதா? உனக்கு அம்மா வூடு வேணாமா? உம்மவளுக்கு மாமன் வேணாமா? புள்ளை என்னா பாவம் பண்ணுச்சு?"

அதற்கு ரோசம்மாவிடம் பதில் இருந்தது. புருசன் நிமிர்ந்து நின்றால் போதும், மற்றதெல்லாம் நான் தாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"அன்னைக்கு எலையை யாரு போட்டா?"

"அதை எதுக்கு இப்ப..."

"நான் போட்டேன். பங்குல அத்தினி பொம்பளைங்க இருந்தாங்க. நீ என்னைப் பாத்துச் சொன்ன. சாணியில எலையைப் போட்டு எங்கையால சோறு வெச்சேன். குடிச்சது அந்தாளு. நான் என்னா பண்ணேன்? அந்தாளு போதையில தின்னாரு, காத்தால மறந்துட்டாரு. நானு தெளிவா இருந்தேன் ண்ணா. எல்லாத்தையும் பாத்துட்டு நின்னேன். இப்ப நீ வந்து கும்புட்டா அந்தாளுக்குத்தான் கும்புடுவ. எனக்கு யாரு கும்புடுவா?"

அவள் குரல் ஓங்கவில்லை. கூடையின் விளிம்பை மட்டும் நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் இது தன்னுள் இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. புருசனை எழுப்பியதெல்லாம் புருசனுக்காக மட்டும்தானா என்று ஒரு நிமிசம் சந்தேகம் வந்தது. அதை நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை.

சவரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வண்டியிலிருந்து மிக்கேலம்மாள், "வெயிலுக்குப் பூ வாடுது, என்னா பேச்சு அங்க?" என்றாள்.

"வர்றேன் இரு" என்றான் சவரி. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான். "என்ன சொல்லணும்?"

"வாசல்ல நின்னுக்கோ. உள்ள வராத. குடிகாரன் குடிகாரன்தான், உன் படி ஏற எனக்கு மானம் எடங்குடுக்கலன்னு சொல்லு. சீரைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடு. அது போதும்."

"மிக்கேலுகிட்டச் சொல்லட்டுமா?"

"யாருகிட்டயும் சொல்லாத. அண்ணி முகத்துல தெரிஞ்சிரும்."

அவள் குறுக்கு வழியில் வரப்பு மேல் ஓடி, வண்டிக்கு முன்னதாக வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கூடையில் புல் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை.

வண்டி வந்து நின்றது. பந்தலில் இருந்தவர்கள் எழுந்தார்கள். வியாகுலம் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு வாசல் படலுக்கு அருகில் வந்தான். அவன் உதடு அசைந்தது. வாங்க என்ற சொல் அங்கே வந்து நின்றதை ரோசம்மா பார்த்தாள்.

சவரி வண்டியிலிருந்து இறங்கினான். படலுக்கு வெளியிலேயே நின்றான்.

"வியாகுலம்" என்றான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். "நீ வெல்லம் நல்லா காய்ச்சுவ. அதை ஒத்துக்கறேன். ஆனா குடிகாரன் குடிகாரன்தான். இன்னிக்கு வெள்ளை வேட்டி. நாளைக்கு எந்தக் குட்டையில கெடப்பியோ. சீரோட வந்தேன். வாசலைப் பாத்ததும் காலு வரல. உன் படி ஏற எனக்கு மானம் எடங்குடுக்கல."

மிக்கேலம்மாள் வண்டியில் இருந்தபடியே வாயில் கை வைத்துக்கொண்டாள். ரோசம்மா மூச்சை விட்டாள். சொல்லச் சொன்னது அவ்வளவுதான். அவன் திரும்பிப் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. அவளைப் பார்த்தான்.

"இவளும் எங்க வூட்டுப் பொண்ணு இல்ல. இன்னையோட அத்துப்போச்சு. நான் செத்தா மண்ணு போட இவ வரக் கூடாது. இவ செத்தா நான் வர மாட்டேன். எல்லாரும் சாட்சி."

மிக்கேலம்மாள் இறங்கி வந்து அவன் தோளைப் பிடித்தாள். அவன் உதறினான். மாட்டைத் திருப்பி ஏறி உட்கார்ந்தான். தட்டில் இருந்த பூ சரிந்து கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட நிற்காமல் வண்டி போயிற்று.

பச்சை ஓலைக்குள் உட்கார்ந்திருந்த லூர்துமேரி ஓலையை விலக்கி, "மாமா ஏம்மா போவுது?" என்றாள். ரோசம்மாவால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. ஊர்ப் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு சவரியைச் சபித்தார்கள். முனாப் பாய்தான் எழுந்து, "வெயில் ஏறுது, புள்ளைக்குத் தண்ணி ஊத்தி வூட்டுக்குள்ள கூட்டிப் போங்க" என்றார். அவர் ரோசம்மாவைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. கேட்கவில்லை. தாய்மாமன் இல்லாமலே தண்ணீர் ஊற்றினார்கள்.

வியாகுலம் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினான். பிறகு வெள்ளை வேட்டியை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, அழுக்கு வேட்டி கட்டிக்கொண்டு ஆலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாது. போய்க் கொப்பரையைத் தேய்த்தான். ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்ததையே மறுபடியும் தேய்த்தான். பொழுது சாய்கிற நேரத்துக்கு ரோசம்மா மோர் கொண்டு போனாள். வழக்கமாகக் கேட்கிற கேள்வியை அவன் கேட்கவில்லை. இன்றைக்கு அதற்குத் தேவை இருக்கவில்லை.

மோரை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"என்னைச் சொன்னது பழசு ரோசா. அது ஆறிப்போச்சு. காத்தால நான் வாங்கன்னு சொல்றதாத்தான் இருந்தேன்."

"தெரியும்."

"இப்ப உன்னைச் சொல்லிட்டான். உனக்கு மண்ணு போட வர மாட்டேன்னான். இத்தினி வருசம் நான் அவ்வளவு பண்ணியும் உன்னை அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்ல. அவனை வுட மாட்டேன். எனக்காக இல்ல. உனக்காக வுட மாட்டேன்." பிறகு சாம்பல் ஒட்டிய புறங்கையால் அவள் கன்னத்தைத் தொட்டான். "நீ அழுவாத. அவன் இல்லாட்டி நான் இருக்கேன்."

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் நல்ல பேச்சு அது. அவளுக்கு அது உள்ளுக்குள் இறங்கியது. தித்தித்தது. தித்திக்கிறதே என்று அழுதாள். அவன் தப்பாகப் புரிந்துகொண்டு மறுபடியும், "வுட மாட்டேன்" என்றான்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனார்கள். வியாகுலம் ஆண்கள் பக்கம் முன்வரிசைக்குப் போனான். ரோசம்மா பெண்கள் பக்கம் ஓரமாக நின்றாள். நடைபாதைக்கு அந்தப் பக்கம், நான்கு ஆள் தள்ளிச் சவரி நின்றான். இளைத்திருந்தான். சவரம் செய்திருக்கவில்லை.

சாமியார், ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்வோம் என்றார். கோவில் முழுக்கக் கைகள் கூப்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலைகள் திரும்பின. சவரி முன்னால் நின்றவனுக்குக் கும்பிட்டான். பின்னால் நின்ற கிழவனுக்குக் கும்பிட்டான். பிறகு நடைபாதைப் பக்கம் திரும்பினான். ரோசம்மா யாருக்கும் தெரியாமல், மார்புக்குக் கீழே, விரல் நுனிகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தாள். அவன் கண் அந்தக் கைகள் மேல் விழுந்தது. அவள் முகத்துக்கு ஏறியது. எந்த மாறுதலும் இல்லாமல், ஒரு தூணைத் தாண்டுகிற மாதிரி அவளைத் தாண்டிப் போய், அவளுக்குப் பின்னால் நின்ற ஒருத்திக்குக் கும்பிட்டான்.

நான் சொன்னதைத்தான் செய்கிறார் என்று அவள் நினைத்தாள். நான் சொன்னதை இவ்வளவு நன்றாகவா செய்வார் என்றும் நினைத்தாள். பூசை முடிகிற வரைக்கும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடிப்பா மெய்யா என்று ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ ஞாயிறு பார்த்தாள். தெரியவே இல்லை.

வெளியே வந்து வீட்டுக்கு நடக்கும்போது வியாகுலம் திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"பாத்தியா அவனை?"

"பாத்தேன்."

"எப்படிப் பாக்கறான் பாரு."

"ஆமா" என்றாள் ரோசம்மா.

அவன் நடையை எட்டிப் போட்டான். மறுநாள் ஆட்ட வேண்டிய கரும்பு நிறைய இருந்தது. விடியலுக்கு முன் அடுப்பு மூட்ட வேண்டும். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவனுக்குச் சமமாக நடக்கப் பார்த்தாள்.